துப்பறிவாளருக்கு உரிமம் இல்லை. தேடும் குடும்பத்துக்கு உறுதி இல்லை

புது தில்லி: சித்தூர் மாவட்டம் கங்காதர நெல்லூர் போன்ற, தமிழக எல்லையையொட்டிய ஊர்களில் வயதுவந்த ஒருவர் சந்தேகத்துக்குரிய வகையில் காணாமல் போனால், குடும்பத்தார் இரு மாநிலக் காவல் நிலையங்களுக்கும் அலைய நேரிடலாம். குழந்தை காணாமல் போனால் வழக்குப் பதிவு கட்டாயம் என 2013-இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. பெரியவர்கள் விஷயத்தில், "தானாகப் போயிருப்பார்' என்ற பதிலே பெரும்பாலும் கிடைக்கிறது. தனியார் துப்பறிவாளரை நாடுவது அதன் பிறகுதான்.

அவருக்கு என்ன அதிகாரம்? ஏதுமில்லை. யாரையும் விசாரணைக்கு அழைக்கவோ, செல்போன் அழைப்பு விவரங்களைக் கேட்டுப் பெறவோ அவரால் முடியாது. காவலாளிகளை அனுப்பும் நிறுவனங்களுக்கு 2005-ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் கட்டாயம். வாசலில் நிற்பவருக்குச் சட்டம் உண்டு. வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பவருக்கு இல்லை என்பது விந்தை.

இக்குறையைப் போக்க, தனியார் துப்பறியும் முகமைகள் (ஒழுங்குமுறை) மசோதா 2007 ஆகஸ்டில் மாநிலங்களவையில் அறிமுகமானது. உரிமம், மத்திய, மாநில வாரியங்கள் எல்லாம் அதில் இருந்தன. உள்துறைக்கான நிலைக்குழு ஆராய்ந்த பிறகும் மசோதா கிடப்பிலேயே கிடந்தது.

அது நிலுவையில் இருந்தபோதே, 2013-இல் அதே அவையின் எதிர்க்கட்சித் தலைவராக இருந்த அருண் ஜேட்லியின் செல்போன் அழைப்பு விவரங்கள் சட்டவிரோதமாகப் பெறப்பட்டது அம்பலமானது. தில்லி போலீஸார் கைது செய்தவர்களில் தனியார் துப்பறிவாளர்களும் இருந்தனர். அப்போதும் மசோதா நகரவில்லை. சட்டமாகாமலேயே பின்னர் திரும்பப் பெறப்பட்டது.

காணாமல் போனவர் சட்டவிரோதக் காவலில் இருப்பதாகக் கருதும் குடும்பத்தார், அரசமைப்புச் சட்டத்தின் 226-ஆவது பிரிவின் கீழ் உயர் நீதிமன்றத்தில் ஆள்கொணர்வு மனு தாக்கல் செய்யலாம். அங்கே பதில் சொல்ல வேண்டியது காவல்துறை.