கொலஸ்திரோல் குறைந்தால் மட்டும் போதுமா?

சிறுநீரகங்கள் செயலிழந்து, இயந்திரத்தின் துணையுடன் குருதிச் சுத்திகரிப்புச் செய்துகொள்ளும் நோயாளர் பலரின் உயிரைப் பறிப்பது இதய நோயே. ஆகவே, குருதியிலுள்ள கொழுப்பைக் குறைத்துவிட்டால் அந்த ஆபத்தும் நீங்கிவிடும் என நாம் எண்ணுவது இயல்பானதே. ஆனால், ஆய்வுகளின் முடிவுகள் அவ்வாறு அமையவில்லை.

ஜேர்மனியில் நீரிழிவுடன் சுத்திகரிப்புப் பெற்றுவந்த 1,255 பேரிடம் நடத்தப்பட்டு 2005 ஆம் ஆண்டு வெளியான ஆய்வில், அட்டோர்வாஸ்டற்றின் மாத்திரை தீய கொலஸ்திரோலை 42 சதவீதத்தால் குறைத்தது. எனினும், இதய மரணம், மாரடைப்பு, பாரிசவாதம் ஆகியன குறிப்பிடத்தக்க அளவில் குறையவில்லை. 25 நாடுகளில் 2,776 பேரை உள்ளடக்கி 2009 இல் வெளியான மற்றொரு ஆய்வும் ரொசுவாஸ்டற்றின் தொடர்பில் இதே முடிவையே தந்தது.

இதற்குக் காரணம் என்ன? ஏனையோரில் இதய நாடிகளில் படியும் கொழுப்பே முதன்மை எதிரி. சுத்திகரிப்புப் பெறுவோரிலோ நாடிச் சுவர்களில் கல்சியம் படிதல், இதயத் தசை தடித்தல், பொற்றாசியத்தின் ஏற்ற இறக்கத்தால் இதயத் துடிப்பு சீர்குலைதல் என்பனவும் சேர்ந்துகொள்கின்றன. கொலஸ்திரோலைக் குறைக்கும் மாத்திரை இவற்றைத் தீர்ப்பதில்லை. அதுமட்டுமன்றி, இவர்களில் கொலஸ்திரோல் மிகவும் குறைந்திருப்பது போசாக்கின்மையின் அறிகுறியாகவும் இருக்கக்கூடும்.

இவற்றைக் கருத்திற்கொண்டே, 2013 இல் வெளியான சர்வதேச சிறுநீரக வழிகாட்டி, சுத்திகரிப்புப் பெறுவோருக்கு இம்மாத்திரையைப் புதிதாக ஆரம்பிக்க வேண்டாம் என்றும், சுத்திகரிப்பு ஆரம்பிக்கும்போதே அதனை உட்கொண்டு வருவோர் தொடரலாம் என்றும் ஆலோசனை கூறியது. சிறுநீரக மாற்றுச் சிகிச்சை பெற்றோரின் நிலை வேறு. அவர்களுக்கு இம்மாத்திரை பரிந்துரைக்கப்படுகிறது.

எனவே, அயலவர் கூறினார் என்பதற்காக மாத்திரையை ஆரம்பிப்பதும், பயனில்லை எனக் கேள்விப்பட்டு நிறுத்துவதும் ஒருங்கே தவறானவை. அதனை வைத்தியரே தீர்மானிக்க வேண்டும்.

நாம் இங்கு வலியுறுத்த விரும்புவது இன்னொன்றும் உண்டு. கொழுப்புக்கு அஞ்சி, நோயாளியின் தட்டிலிருந்து மீனையும் முட்டையையும் அகற்றிவிடும் குடும்பங்கள் பல. சுத்திகரிப்பின்போது உடல் புரதச்சத்தை இழக்கிறது. ஆகவே, உடல் நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1.0 முதல் 1.2 கிராம் வரையான புரதம் இவர்களுக்குத் தேவை. பொரித்த உணவையும் சீனியையும் குறைப்பது நன்று. ஆனால் பட்டினி மருந்தாகாது. பரிசோதனை அறிக்கையிலுள்ள ஓர் எண்ணைக் குறைக்கும் முயற்சியில் நோயாளியின் உடல் வலுவையே குறைத்துவிடலாகாது.