சவுக்காரத்தில் ஒரு விளையாட்டு

சவுக்காரம் காய்ச்ச எண்ணெயும் காஸ்டிக் சோடாவும் வேண்டும். ஒரு கிலோ தேங்காயெண்ணெய்க்கு ஏறத்தாழ 183 கிராம் சோடா. அது தோலைப் புண்ணாக்கும். கண்ணில் தெறித்தால் பார்வையே போகலாம். ஆகவே அந்த வேலை சிறுவர்க்கு ஆகாது.

அவர்களுக்கு வீட்டில் தேய்ந்து கிடக்கும் சோப்புத் துண்டுகளே போதும். துருவி, வெந்நீர் சிறிது தெளித்துப் பிசைந்தால் மாவுபோலாகும். கிளி, தேர், நுங்கு வண்டி என எதுவும் செய்யலாம். ஒரு வாரம் நிழலில் உலரட்டும்; நம் ஊர் வெயிலில் வைத்தால் வெடித்துவிடும். மஞ்சள் கிளி வேண்டுமென்று என் தம்பி மஞ்சள்தூளைக் கலந்தான். கிளி சிவந்துவிட்டது! மஞ்சள் காரத்தில் சிவக்கும்; சுண்ணாம்பு சேர்த்த ஆரத்தி நீர் சிவப்பதும் இதனாலேயே.

இனி அந்தக் கிளியால் கை கழுவிப் பாருங்கள். மழைநீரில் நுரை பொங்கும். திருச்சுழிப் பக்கத்து உவர்க்கிணற்று நீரிலோ நுரை எழாது. அந்நீரிலுள்ள கால்சியம், மக்னீசிய உப்புகள் சவுக்காரத்தோடு கூடிக் கரையாத திரையாகப் படிந்துவிடுகின்றன. முன்னாளில் சலவைத் தொழிலாளர் உவர்மண் இட்டு வெள்ளாவி வைத்தார்களல்லவா? அம்மண்ணிலுள்ள சோடியம் கார்பனேட் அவ்வுப்புகளை முன்னதாகவே படியவைத்துவிடும். கிணற்று நீர் வாளியில் நீங்களே சிறிது சலவைச் சோடாவைக் கரைத்துத் தெளியவிடுங்கள். தெளிந்த நீரில் தம்பியின் சிவப்புக் கிளியும் நுரைக்கும்.