மாரிக்குளத்தில் மீன்பிடி: கண் பெரிய வலையும் காய்ந்த உடுப்பும்

வயலோடு வளர்ந்தவர்களுக்குக் குளம் என்பது வாய்க்காலின் தலை. அதில் எத்தனை அடி நீர் நிற்கிறது, எப்போது கதவு திறப்பார்கள் என்பதே அவர்களின் கேள்வி. அதன் உள்ளே ஓடும் மீனைப்பற்றி அவர்கள் அதிகம் நினைப்பதில்லை. ஆனால் 1995 இன் பின்னும், 2008, 2009 ஆம் ஆண்டுகளிலும் வயலையும் மாட்டையும் விட்டு இடம்பெயர்ந்த எத்தனையோ குடும்பங்களுக்கு நிலம் இல்லாத நாட்களில் குளமே வயலாயிற்று. கையில் மண்வெட்டி பிடித்தவர்கள் வலை பிடிக்கப் பழகினார்கள்.

இரணைமடுவில் இந்தத் தொழிலுக்கு வரும் விவசாயக் குடும்பங்களுக்கு மாரி காலமே இக்கட்டான காலம். காலபோக நெல் வயலில் நிற்கும். அறுவடை தையிலோ மாசியிலோதான். வீட்டில் அரிசி குறையும், கூலி வேலையும் குறையும். அப்போதுதான் வாடையும் வீசும். இந்த நாட்களில் எம்மிடம் வருபவர்கள் இரண்டு கேள்விகளைக் கேட்கிறார்கள். எந்த வலை வாங்கலாம்? இந்தக் குளிரை எப்படித் தாங்கலாம்? இரண்டும் வேறு வேறு கேள்விகள் என்று நாமும் முன்னர் நினைத்தோம். இன்று அப்படி நினைக்கவில்லை. கையில் இருக்கும் கொஞ்சக் காசை எதில் முதலில் போடுவது என்ற ஒரே கேள்விதான் அது.

குளத்தை அறிந்துகொள்வோம்

1902 இல் தொடங்கிய வேலை ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நீடித்து உருவானது இன்றைய இரணைமடு. வட மாகாணத்தின் மிகப் பெரிய குளம் இது. தெற்கேயிருந்து வரும் கனகராயன் ஆற்றை மறித்து வடக்குப் பக்கத்தில் அணை கட்டப்பட்டிருக்கிறது. அண்மைய புனரமைப்பின்போது நீர்மட்டம் 34 அடியிலிருந்து 36 அடியாக உயர்த்தப்பட்டது. 2018 டிசெம்பர் பிற்பகுதியில் பெய்த பெருமழையில் வான் கதவுகள் எல்லாம் திறக்கப்பட்டதும், கிளிநொச்சியின் தாழ்ந்த பகுதிகள் வெள்ளத்தில் மூழ்கியதும் நாம் மறக்கவில்லை.

அணை வடக்கே இருப்பதில் மீன்பிடிப்பவர் கவனிக்கவேண்டிய ஒரு விடயம் உண்டு. வாடைக்காற்று வடக்கிலும் வடகிழக்கிலும் இருந்து வீசுகிறது. ஆகவே அணைப் பக்கமிருந்து வள்ளத்தில் இறங்குபவரைக் காற்றே உள்ளே கொண்டுபோகும். போவது இலகு, திரும்புவதுதான் கடினம். நனைந்த உடலோடு, களைத்த கையோடு, எதிர்க்காற்றில் வலித்து வரவேண்டும். போகும்போது உடலில் இருக்கும் பலத்தைக் கொண்டு திரும்பி வரும் வழியைக் கணக்கிடக்கூடாது. சோளகக் காலத்தில் பழகிய ஒருவர் மாரியில் ஏமாறுவது இந்த இடத்தில்தான். வான் கதவுகள் திறந்திருக்கும் நாட்களில் அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

குளத்தில் என்ன மீன் இருக்கிறது?

எமது குளங்களில் அதிகம் பிடிபடுவது நாம் யப்பான் மீன் என்று சொல்லும் திலாப்பியா. இது 1952 இல் இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட மீன். தாய்மீன் முட்டையை வாயில் வைத்துக் காத்துக் குஞ்சாக்கும். ஆகவே குளத்திலேயே தானாகப் பெருகும். கட்லா, ரோகு, மிரிகால் போன்ற கெண்டை இனங்கள் அப்படியல்ல. ஓடும் ஆற்றில் முட்டையிடும் இனங்கள் அவை. தேங்கிய குளத்து நீரில் பெருகுவதை நம்பியிருக்க முடியாது. குஞ்சாக வாங்கி விட்டால்தான் உண்டு. 1999 இல் அமைக்கப்பட்ட தேசிய நீருயிரின வளர்ப்பு அபிவிருத்தி அதிகார சபையும் மீனவர் சங்கங்களும் குளங்களில் குஞ்சு விடுவது இதற்காகவே.

இவற்றைத் தவிர விரால், சுங்கான் போன்ற ஊர் மீன்களும் உண்டு. இவை மேலே வந்து காற்றையும் சுவாசிப்பதால் புல்லும் பாசியும் நிறைந்த கரையோரத்தில் வாழும். மாரியில் விரால் குஞ்சு பொரிக்கும். செந்நிறக் குஞ்சுக் கூட்டம் ஒன்று நீரின் மேல் கொப்பளிப்பதைக் கண்டால், கீழே தாயும் தகப்பனும் காவல் நிற்கின்றன என்று அறியுங்கள். அந்த இடத்தில் தூண்டில் போடாதீர்கள். பெரியதைப் பிடித்தால் அத்தனை குஞ்சும் மற்ற மீனுக்கு இரையாகும்.

வலையின் கண்

செவுள் வலை எப்படி வேலை செய்கிறது? மீனின் தலை கண்ணுக்குள் நுழையும். உடல் நுழையாது. பின்னால் இழுக்கும்போது செவுள் மூடியில் நூல் கொளுவும். மிகச் சிறிய மீன் தப்பி ஓடும். மிகப் பெரிய மீன் முட்டித் திரும்பும். ஆகவே எந்த அளவு மீன் சாகவேண்டும், எந்த அளவு மீன் வாழவேண்டும் என்பதைத் தீர்மானிப்பது கடையில் நீங்கள் தெரிவுசெய்யும் கண்ணின் அளவே.

குளங்களில் 8.5 சென்ரிமீற்றருக்குக் குறைந்த கண்ணுள்ள வலை சட்டப்படி கூடாது. தொழிலாளர் மூன்றரை இஞ்சிக் கண் என்று கேட்டு வாங்குகிறார்கள். அளப்பது இப்படி: வலையை நனைத்து, ஒரு கண்ணை மூலைக்கு மூலை நன்றாக இழுத்து, ஒரு முடிச்சிலிருந்து எதிர் முடிச்சு வரை அடிமட்டத்தால் அளக்கவேண்டும். ஒரு கண்ணை மட்டும் அளந்து திருப்திப்படாமல் வெவ்வேறு இடங்களில் பத்துக் கண்களையாவது அளவுங்கள். பொதியில் ஒட்டிய துண்டை நம்பவேண்டாம்.

இதை நாம் பட்டே அறிந்தோம். ஒரு முறை சில குடும்பங்களுக்கு வலை வாங்கிக் கொடுத்தோம். விலை மலிவு என்று மகிழ்ந்தோமே தவிர அளக்கவில்லை. குளத்தில் நீண்டகாலம் தொழில் செய்த முதியவர் ஒருவர் அந்த வலையைக் கையில் எடுத்தார். கண்ணுக்குள் விரலை விட்டுப் பார்த்தார். பிறகு பக்கத்தில் நின்ற இளைஞனிடம், "தம்பி, நீ வெள்ளாமை செய்த பிள்ளை. விதைநெல்லை அவிச்சுச் சாப்பிடுவியோ?" என்றார். அவர் எம்மைப் பார்த்து ஒன்றும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. அந்த வலைகளைத் திருப்பி எடுத்தோம்.

விதைநெல் என்பதே சரியான சொல். உள்ளங்கையளவு ரோகுக் குஞ்சைப் பிடித்தால் ஒரு கறிக்கும் காணாது. அதே குஞ்சு ஒரு வருடம் நின்றால் ஒரு குடும்பத்துக்கு உணவாகும். அது போனால் அதன் இடத்துக்குக் குளம் தானாக இன்னொன்றைத் தராது.

தங்கூசி வலையைப் பற்றி ஒரு வார்த்தை. இது நாட்டில் தடைசெய்யப்பட்ட வலை. மலிவு, மீனின் கண்ணுக்குத் தெரியாது என்பதே அதன் கவர்ச்சி. ஆனால் மாரியில் ஆற்றுநீர் வந்து குளம் கலங்கியிருக்கும்போது எந்த வலையும் மீனுக்குத் தெளிவாகத் தெரிவதில்லை. அந்தக் காலத்தில் பல இழை முறுக்கிய நைலோன் வலையே போதும். மேலும் குளத்தின் உள்ளே பட்ட மரக் கட்டைகள் உண்டு. அதில் சிக்கி அறுந்துபோன தங்கூசி வலை உக்கிப் போகாது. எடுப்பார் இல்லாமலே மாதக்கணக்கில் மீனைக் கொன்றுகொண்டிருக்கும்.

வலையைக் கயிற்றில் கட்டும்போது இறுக்கி இழுத்துக் கட்டாதீர்கள். இழுத்து நீட்டினால் 100 அடி வரும் வலையை ஏறத்தாழ 50 அடி கயிற்றில் தளர்வாகக் கட்டினால் கண் நன்றாக விரியும். மாரியில் நீர்மட்டம் ஓர் இரவிலேயே உயரலாம். மிதப்புக் கட்டும் கயிற்றை நீளமாக விடுங்கள். வேலை முடிந்ததும் சேற்றைக் கழுவி நிழலில் காயவிடுங்கள். வெயில் நைலோனை உக்கவைக்கும்.

வலை வாங்க வசதி இல்லையா?

தூண்டிலோடு தொடங்கலாம். மூங்கில் தடி, கொஞ்சம் தங்கூசி நூல், மிதப்புக்கு ஒரு தக்கை, முள் ஆகியவை போதும். முள்ளின் இலக்கம் கூடக்கூட அளவு சிறுக்கும் என்பதை நினைவில் வையுங்கள். யப்பான் மீனின் வாய் சிறியது. 8 அல்லது 10 ஆம் இலக்க முள்ளில் மண்புழு கோர்க்கலாம். விராலுக்கு 1 அல்லது 2 ஆம் இலக்கம், சிறு மீனோ தவளையோ இரை.

குளிர் நாட்களில் மீன் கடிக்கவில்லை என்று சோர்ந்துவிடாதீர்கள். மீனின் உடலுக்குச் சொந்தச் சூடு இல்லை. தண்ணீரின் சூடே அதன் சூடு. நீர் குளிர்ந்தால் அதன் பசியும் ஓட்டமும் குறையும். வலையில் விழுவதும் குறையும், ஏனென்றால் ஓடும் மீன்தான் வலையில் விழும். இதில் எமக்கு ஒரு நன்மையும் உண்டு. விடியுமுன் நடுங்கிக்கொண்டு தூண்டில் போடுவதில் பயன் குறைவு. வெயில் ஏறிய பின் ஆழம் குறைந்த ஓரங்கள் முதலில் சூடேறும், அங்கே போடுங்கள்.

சுங்கானைக் கழற்றும்போது கவனம். விறைத்த விரலுக்குப் பிடி தெரியாது. முள் ஏறினால், பொறுக்கக்கூடிய சூட்டில் உள்ள சுடுநீரில் கையை வைத்திருந்தால் வலி குறையும்.

குளிரைச் சிறிதாக எண்ணவேண்டாம்

வன்னியில் குளிரால் என்ன வந்துவிடும் என்று கேட்பவர்கள் உண்டு. 2022 டிசெம்பரில் வங்கக் கடலில் மண்டூஸ் புயல் கடந்தபோது இரண்டு நாள் விடாத மழையும் குளிர்காற்றும் வீசின. வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகளும் ஆடுகளும் இறந்தன. கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் திறந்த வெளியில் நின்ற மாடுகள் நின்ற இடத்திலேயே விழுந்தன. அங்கே பனி கொட்டவில்லை. நனைந்த உடலும் ஓயாத காற்றும் சேர்ந்ததே காரணம். மனிதருக்கும் அதே விதிதான். நீர் உடலின் சூட்டைக் காற்றைவிட இருபது மடங்குக்கும் மேல் வேகமாக இழுக்கும். நனைந்த பருத்திச் சாரம் உடலோடு ஒட்டி நின்றால், காற்று வீச வீசச் சூடு போய்க்கொண்டே இருக்கும்.

ஆகவே வள்ளத்தில் போகும்போது ஒரு முழு மாற்று உடுப்பையும் துவாயையும் பொலித்தீன் பையில் இட்டு, வாயை இறுகக் கட்டி, உரப்பைக்குள் வையுங்கள். கரைக்கு வந்ததும் மீனைக் கழற்றுமுன் உடுப்பை மாற்றுங்கள். காற்று உட்புகாத மேலங்கி இல்லாவிட்டால் தடித்த பொலித்தீனில் தலைக்கும் கைக்கும் துளையிட்டு அணியலாம். தலையைத் துவாயால் மூடுங்கள். வெறும் வயிற்றோடு போகாதீர்கள். கஞ்சியோ பழஞ்சோறோ, சீனி போட்ட தேத்தண்ணியோ உடலுக்கு விறகு.

குளிருக்கு நல்லது என்று கசிப்பைக் குடிப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறோம். மது தோலுக்கு அடியிலுள்ள இரத்தக் குழாய்களை விரிக்கிறது. உள்ளே இருந்த சூடு தோலுக்கு வருவதால் சூடாக இருப்பதுபோலத் தோன்றும். உண்மையில் அந்தச் சூடு வெளியே போகிறது. கசிப்பு உடலைச் சூடாக்குவதில்லை, குளிரை மறக்கச் செய்கிறது. மறந்தவர் கரைக்குத் திரும்ப நினைக்கமாட்டார்.

கூட வந்தவரைக் கவனியுங்கள். முதலில் நடுக்கம் வரும். பிறகு விரல் முடிச்சுப் போடாது, பேச்சுக் குழறும். நடுக்கம் நின்றும் அவர் தெளிவில்லாமல் இருந்தால் குணமாகிவிட்டார் என்று எண்ணவேண்டாம். அதுவே ஆபத்தான கட்டம். ஈர உடுப்பைக் களைந்து, உலர்ந்த துணியால் சுற்றி, காற்றுப் படாத இடத்தில் படுக்கவையுங்கள். நினைவு தெளிவாக இருந்தால் மட்டும் இனிப்பான சூடான பானம் கொடுங்கள். கைகாலைத் தேய்க்காதீர்கள், நெருப்புக்கு மிக அருகில் வைக்காதீர்கள். தாமதிக்காமல் வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

குளிர்க் காய்ச்சல் எல்லாம் குளிரால் வருவதல்ல. 2024 டிசெம்பரில் யாழ்ப்பாணத்தில் உயிர்களைப் பறித்த காய்ச்சல் எலிக்காய்ச்சல் என்று கண்டறியப்பட்டது. வெள்ள நீரிலும் வயல் நீரிலும் கலந்த எலியின் சிறுநீர், காலில் உள்ள வெடிப்பு வழியே உடலுக்குள் ஏற்றும் நோய் அது. காலில் புண் இருந்தால் நீரில் இறங்கவேண்டாம். தடுப்பு மாத்திரை பற்றிச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் கேளுங்கள். காய்ச்சலோடு கெண்டைக்கால் நோவும் கண்சிவப்பும் இருந்தால் அன்றே வைத்தியரிடம் போங்கள்.

வீட்டில் கதவை மூடிக்கொண்டு உள்ளே தணல் வைத்துப் படுக்காதீர்கள். அந்தப் புகையற்ற நச்சு வாயு தூக்கத்திலேயே கொல்லும். மாட்டுக்கு வடக்கிலும் கிழக்கிலும் கிடுகாலோ படங்காலோ ஒரு மறைப்பும், காலடியில் காய்ந்த வைக்கோலும் இருந்தால் அதுவே பெரிய காவல்.

காசை எதில் முதலில் போடுவது?

எமது ஆலோசனை இந்த ஒழுங்கு:

1. உயிர்காப்பு அங்கி. அது கைக்கு வரும்வரை கரையில் நின்று தூண்டில் போடுங்கள், வள்ளத்தில் ஏறவேண்டாம். முதலை உள்ள குளம் என்பதால் கரையிலும் இடுப்பளவு நீரில் நிற்கவேண்டாம்.

2. மழை அங்கியும், நனையாமல் பொதிந்த மாற்று உடுப்பும்.

3. மீனவர் சங்க அங்கத்துவமும் மீன்பிடி அனுமதிப்பத்திரமும்.

4. அதன் பிறகே வலை. பலர் சேர்ந்து ஒரு நல்ல வலை வாங்குவது, ஒவ்வொருவரும் ஒவ்வொரு மலிவு வலை வாங்குவதிலும் மேல்.

வலை கடைசியில் வருகிறதே என்று வியக்கவேண்டாம். வலை கிழிந்தால் பொத்தலாம். வலை வீசப்போனவர் திரும்பி வராவிட்டால் அந்த வீட்டுக்கு எந்த வலையும் உதவாது.

பல முறை எல்லாவற்றையும் இழந்து எழும்பியவர்கள் நாம். இடம்பெயர்ந்த காலத்தில் நாளைக்கு எங்கே இருப்போம் என்று தெரியாதபடியால் இன்றைக்குக் கிடைப்பதை இன்றைக்கே எடுக்கப் பழகினோம். அதில் குற்றம் இல்லை. ஆனால் இந்தக் குளத்தின் கரையில் எங்கள் பிள்ளைகள் வாழப்போகிறார்கள் என்றால் அந்தப் பழக்கத்தை மாற்றவேண்டும். இந்த மாரிக்கு வலை வாங்கப் போகும்போது ஓர் அடிமட்டத்தையும் மடியில் கட்டிக்கொண்டு போங்கள்.