ஊராட்சித் தேர்தலும் சங்க அங்கத்தினரும்

கூட்டுறவுச் சங்கத்தில் ஒரு பங்கு வைத்திருப்பவருக்கும் நூறு பங்கு வைத்திருப்பவருக்கும் ஒரே வாக்குத்தான் உண்டு. இதனை நம் அங்கத்தினர்களுக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. பொதுக்குழுவில் வரவு செலவுக் கணக்கு வாசிக்கப்படும்போது எழுந்து கேள்வி கேட்கவும், நிர்வாகக் குழுவுக்கு நிற்பவர் எத்தகையவர் என்று ஆராய்ந்து பார்க்கவும் அவர்கள் நன்கு பழகியிருக்கிறார்கள். ஆயினும் அதே அங்கத்தினர்களில் பலர், ஊராட்சித் தேர்தலின்போது தம் கையில் தரப்படும் நான்கு வாக்குச் சீட்டுகளில் எது எந்தப் பதவிக்கு உரியது என்பதை அறியாமலே முத்திரை குத்திவிட்டு வருகிறார்கள். ஆகவே, மாதனூர் ஒன்றியத்தையும் அதனைச் சூழ்ந்த ஊர்களையும் மனத்திற்கொண்டு இத்தேர்தலின் அமைப்பைச் சற்று விளக்க முற்படுகிறோம்.

நான்கு சீட்டுகள்

இன்றுள்ள ஊராட்சி முறைக்கு ஆதாரம் 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம். அரசியலமைப்பின் 73-ஆவது திருத்தம் 1993 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்ததைத் தொடர்ந்து இச்சட்டம் இயற்றப்பெற்றது. ஊராட்சி ஒன்றியம் என்ற அமைப்போ அதனினும் பழையது. 1958-ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழியே தோன்றியது. தேர்தலை நடத்தும் பொறுப்பு மாநிலத் தேர்தல் ஆணையத்துக்கு உரியது.

வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிக்கப்பட்டு, 2019 நவம்பரில் திருப்பத்தூர் மாவட்டம் உதயமாயிற்று. மாதனூர் ஒன்றியம் அதில் சேர்ந்தது. மாவட்டப் பிரிவினையின் காரணமாக, மற்ற 27 மாவட்டங்களில் 2019 டிசம்பரில் நடைபெற்ற ஊரக உள்ளாட்சித் தேர்தல் இங்கே நடைபெறவில்லை. திருப்பத்தூர், வேலூர், இராணிப்பேட்டை உள்ளிட்ட ஒன்பது மாவட்டங்களில் அது 2021 அக்டோபர் 6, 9 ஆகிய நாட்களில் நடைபெற்றது.

கிராமத்தில் வாழும் வாக்காளர் ஒவ்வொருவருக்கும் இத்தேர்தலில் நான்கு வாக்குகள் உண்டு. தம் வார்டின் ஊராட்சி உறுப்பினருக்கு உரியது வெள்ளைச் சீட்டு. ஒரே வாக்குச்சாவடியில் இரண்டு வார்டுகள் சேர்ந்திருந்தால் ஒன்றற்கு வெள்ளையும் மற்றதற்கு நீலமும் தரப்படும். ஊராட்சித் தலைவருக்கு உரியது இளஞ்சிவப்பு. ஒன்றியக் குழு உறுப்பினருக்குப் பச்சை. மாவட்ட ஊராட்சி உறுப்பினருக்கு மஞ்சள். இவை எந்திரத்தில் பொத்தானை அழுத்தும் வாக்குகள் அல்ல. தாளில் முத்திரையிட்டுப் பெட்டியில் போடப்படுபவை. இரண்டு சின்னங்களில் முத்திரை விழுந்தாலும், யாருக்கு அளித்தார் என்று தெளிவுபடாதபடி இரண்டுக்கும் இடையே விழுந்தாலும் அந்த வாக்கு செல்லாது.

ஊராட்சித் தலைவரை மக்கள் நேராகத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஊராட்சித் துணைத் தலைவரை வார்டு உறுப்பினர்கள் தம்முள் தேர்ந்தெடுக்கிறார்கள். ஒன்றியக் குழுத் தலைவரும் மாவட்ட ஊராட்சித் தலைவரும் அவ்வாறே உறுப்பினர்களின் வாக்கினால் பதவிக்கு வருகிறவர்கள். ஆதலால் பச்சைச் சீட்டையும் மஞ்சள் சீட்டையும் அலட்சியமாகக் குத்துகிறவர், ஒன்றியத்துக்கும் மாவட்டத்துக்கும் யார் தலைவராவது என்ற தீர்மானத்தைப் பிறர் கையில் ஒப்படைத்துவிடுகிறார் என்றே கொள்ள வேண்டும்.

வெள்ளைச் சீட்டும் சிறியதன்று. ஊராட்சியின் பணத்தை எடுக்கத் தலைவரின் ஒப்புதலோடு துணைத் தலைவரின் ஒப்புதலும் தேவை. அந்தத் துணைத் தலைவர் வார்டு உறுப்பினர்களிலிருந்து வருகிறவர். சங்கத்தில் ஒருவர் மட்டும் கையொப்பமிட்டுப் பணம் எடுக்க நாம் இடம் கொடுப்போமா? ஊராட்சியிலும் அதே எச்சரிக்கையைத்தான் சட்டம் அமைத்திருக்கிறது. வார்டு உறுப்பினர் சொந்தமாகச் சிந்திக்க வல்லவராக இருந்தால்தான் அவ்வெச்சரிக்கை பயன்படும்.

கட்சிச் சின்னம் இல்லாத இரண்டு பதவிகள்

ஒன்றியக் குழு உறுப்பினர், மாவட்ட ஊராட்சி உறுப்பினர் ஆகிய பதவிகளுக்குக் கட்சிகள் தம் சின்னத்தில் வேட்பாளரை நிறுத்தலாம். ஊராட்சித் தலைவருக்கும் வார்டு உறுப்பினருக்கும் அவ்விதம் இல்லை. ஆணையம் ஒதுக்கும் பொதுச் சின்னங்களிலேயே அவர்கள் நிற்கிறார்கள். தெருக்குழாயில் நீர் வருவது, விளக்கு எரிவது, சாக்கடை ஓடுவது, வீட்டு வரி வசூலாவது போன்ற காரியங்களில் ஆளின் தகுதியைப் பார்க்க வேண்டுமேயன்றிக் கொடியைப் பார்க்க வேண்டியதில்லை என்பதே இதன் கருத்து.

இம்முறை நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. ஸ்காட்லாந்துக்கு வடக்கிலும் மேற்கிலும் கடலில் அமைந்த ஆர்க்னி, ஷெட்லாந்து, மேற்குத் தீவுகள் என்ற மூன்று தீவுக் கூட்டங்களுக்குத் தனித்தனியே மன்றங்கள் உண்டு. ஒவ்வொன்றிலும் மக்கள்தொகை முப்பதாயிரத்துக்கு உட்பட்டதே. நெசவாளர்களாகிய நம் அங்கத்தினர்களுக்கு மேற்குத் தீவுகளைப் பற்றி ஒரு செய்தி உவப்பாயிருக்கும். ஹாரிஸ் ட்வீட் என்னும் கம்பளித் துணி அத்தீவு மக்கள் தத்தம் இல்லங்களில் நெய்ததாகவே இருக்க வேண்டும் என்று 1993-ஆம் ஆண்டில் சட்டம் செய்து காத்திருக்கிறார்கள். அத்தீவு மன்றங்களில் உறுப்பினர்களில் பெரும்பாலோர் எக்கட்சியையும் சாராத சுயேச்சைகள். ஸ்காட்லாந்தில் 2007 முதல் உள்ளாட்சித் தேர்தலில் வாக்காளர் வேட்பாளர்களின் பெயர்களுக்கு எதிரே 1, 2, 3 என்று தம் விருப்ப வரிசையை எழுதுகிறார்கள். 16 வயது நிரம்பியவர்க்கே அங்கு வாக்குரிமை உண்டு.

ஆனால் அங்கும் ஒரு குறை இருக்கிறது. 2022 மே மாதத் தேர்தலில் ஸ்காட்லாந்தின் சில வட்டங்களில், இருந்த இடங்களுக்கு மேல் வேட்பாளர்கள் முன்வராததால் வாக்குப்பதிவே நடைபெறவில்லை. ஆட்கள் குறைவாக வாழும் இடங்களில் பொறுப்பை ஏற்க முன்வருவோரும் குறைகிறார்கள். நம் நாட்டிலோ போட்டியின்மைக்கு வேறு காரணங்களும் உண்டு. அவற்றை அங்கத்தினர்கள் கூர்ந்து நோக்குதல் நலம்.

போட்டியின்றித் தேர்வு

ஊரார் எல்லோரும் ஒருமனப்பட்டு, தக்க ஒருவரைப் போட்டியின்றித் தேர்ந்தெடுப்பது குற்றமன்று, போற்றத்தக்கதே. ஆனால் பதவியை ஏலத்தில் விட்டு, அதிகத் தொகை கூறியவருக்கு எதிராக யாரும் மனுப்போடக் கூடாதென்று கட்டுப்பாடு செய்வது ஒருமனப்பாடு ஆகாது. கோயிலுக்கோ குளத்துக்கோ அத்தொகை செலவிடப்படும் என்று கூறப்பட்டாலும் அது சட்டவிரோதமே. பணம் கொடுத்துப் பதவி பெற்றவர் அப்பணத்தை எங்கிருந்து திரும்ப எடுப்பார் என்பதை, சங்கக் கணக்கைப் படிக்கத் தெரிந்த நாம் எளிதில் ஊகிக்கலாம்.

மற்றொரு காரணம் இடஒதுக்கீட்டின் மீது கொள்ளும் வெறுப்பு. சட்டப்படி தலைவர் பதவிகளில் ஒரு பகுதி பட்டியல் இனத்தாருக்கும் பழங்குடியினருக்கும் சுழற்சி முறையில் ஒதுக்கப்படுகிறது. பெண்களுக்கான பங்கு முதலில் மூன்றில் ஒன்றாக இருந்தது. 2016-இல் பாதியாக உயர்த்தப்பட்டது. மதுரை மாவட்டத்துப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்துக் கொட்டக்காச்சியேந்தல் ஆகிய நான்கு ஊராட்சிகளில் 1996 முதல் பத்து ஆண்டுகள் முறையான தேர்தல் நடைபெறவொட்டாமல் தடுக்கப்பட்டது. 2006 அக்டோபரில்தான் அத்தடை நீங்கிற்று. மேலவளவில் தேர்ந்தெடுக்கப்பட்ட தலைவர் முருகேசன் 1997 ஜூனில் பட்டப்பகலில் கொல்லப்பட்டார். அவருடன் இருந்தவர்களும் மாண்டனர்.

இவை தெற்கே நடந்தவை என்று நாம் ஒதுக்கிவிட இயலாது. நம் மாதனூர் ஒன்றியத்துக்கு உட்பட்ட மலை ஊராட்சியாகிய நாயக்கனேரியில், 2021 தேர்தலில் தலைவர் பதவி பட்டியல் இனப் பெண்ணுக்கு ஒதுக்கப்பட்டது. பழங்குடியினர் பெரும்பான்மையாக வாழும் ஊர் அது. ஊரார் அவ்வொதுக்கீட்டை எதிர்த்துத் தேர்தலைப் புறக்கணித்தனர். ஒரே ஒரு பெண்மணி மனுத் தாக்கல் செய்து, போட்டியின்றித் தேர்வு பெற்றார். விவகாரம் உயர் நீதிமன்றம் சென்றது. அவர் பதவியேற்பது தடைபட்டது. தேர்தல் நடந்தும் ஊராட்சிக்குத் தலைவர் அமராத நிலை ஏற்பட்டது.

இதில் இரு தரப்பாருக்கும் சொல்லக்கூடியது உண்டு. தம் எண்ணிக்கைக்கு ஏற்றபடி ஒதுக்கீடு அமையவில்லை என்று பழங்குடியினர் கருதினால், அதனை எழுத்து மூலம் உரிய அதிகாரியிடம் தெரிவிப்பதும் நீதிமன்றத்தை நாடுவதும் அவர்கள் உரிமை. அதனைத் தேர்தல் அறிவிப்புக்கு முன்பே செய்தல் வேண்டும். மனுப்போட்ட ஒரு பெண்மணியின் மீது அக்குறையைச் சுமத்துவது நியாயமாகாது. சட்டம் திறந்துவைத்த வழியில் நடந்தவர் அவர்.

தேர்தல் இல்லாத காலம்

சங்கத்துக்கு நிர்வாகக் குழு இல்லாமல் செயலாட்சியர் பொறுப்பேற்றிருந்த நாட்களை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். அன்றாட வேலை நடக்கும். ஆனால் அங்கத்தினர் தம் குறையைச் சொல்ல, தாம் தேர்ந்தெடுத்தவர் என்று ஒருவர் இருக்கமாட்டார். ஊராட்சியிலும் அவ்வாறே. 2016 அக்டோபரில் நடைபெற வேண்டிய தேர்தலின் அறிவிக்கையை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அதன்பின் மூன்று ஆண்டுகளுக்கு மேலாகத் தனி அலுவலர்களே நிர்வகித்தனர். நம் பகுதியில் அது ஐந்து ஆண்டுகளாக நீண்டது. தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றங்கள் இல்லாத காரணத்தால் மத்திய நிதிக்குழுவின் மானியமும் தமிழ்நாட்டுக்கு நிறுத்தி வைக்கப்பட்டது. வாக்குப்பதிவு தள்ளிப்போவதால் வாக்காளருக்கு நஷ்டம் ஒன்றுமில்லை என்று எண்ணுவோர் இதனைக் கவனிக்க வேண்டும்.

2019-இல் தேர்தல் நடந்த 27 மாவட்டங்களின் ஊராட்சிகளுக்குப் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிவுற்று, அங்கே மீண்டும் தனி அலுவலர்கள் அமர்த்தப்பட்டனர். 2021 அக்டோபரில் பதவியேற்ற நம் பகுதி உறுப்பினர்களுக்கு அரசியலமைப்பு அளித்த ஐந்து ஆண்டுக் காலம் 2026 அக்டோபரோடு நிறைவுறுவது.

நிற்பவரை எவ்வாறு அளப்பது?

உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பற்றி நாம் பெருமை பேசுகிறோம். முதலாம் பராந்தக சோழன் காலத்தில், சுமார் 920-ஆம் ஆண்டளவில், குடவோலை முறைக்கு வகுத்த விதிகள் அதில் உள்ளன. அக்காலத்து வாய்ப்பு நிலமுடைய சிலருக்கே உரியதாயிருந்தது. அது இன்று நமக்கு உகந்ததன்று. ஆனால் அதில் ஒரு விதி இன்றும் பொருந்தும். வாரியத்திலிருந்து கணக்குக் காட்டாதவரும், அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் அப்பொறுப்புக்கு வரலாகாது என்பதே அது.

ஆகவே வேட்பாளரிடம் நம் அங்கத்தினர்கள் கேட்க வேண்டிய கேள்விகள் சிலவே. ஊராட்சியின் வருவாய் எவ்வழிகளில் வருகிறதென்று அவர் அறிவாரா? கணக்கைக் கிராம சபையில் வாசிப்பாரா? தோல் தொழிற்சாலைகளும் பாலாறும் அருகருகே இருக்கும் நம் பகுதியில், கிணற்று நீரைக் குறித்து அவர் என்ன செய்ய எண்ணியிருக்கிறார்? பெண் தலைவராக நிற்பவர் தாமே நாற்காலியில் அமர்வாரா, அல்லது வீட்டார் அமர்வார்களா?

நிற்க விரும்புவோர்க்கும் ஒரு வார்த்தை. 21 வயது நிரம்பியிருந்து, வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும். 2019 தேர்தலில் காப்புத் தொகை வார்டு உறுப்பினருக்கு ரூ. 200, தலைவருக்கு ரூ. 600, பட்டியல் இனத்தார்க்கும் பழங்குடியினர்க்கும் அதில் பாதி. சங்கத்தில் கணக்குப் பார்த்துப் பழகிய ஓர் அங்கத்தினர்க்கு இது எட்டாத தூரமன்று.

வாக்களித்ததோடு கடமை முடிந்துவிடுவதில்லை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்டு 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூட வேண்டும் என்பது இங்குள்ள ஏற்பாடு. அது ஊராட்சிக்குப் பொதுக்குழு போன்றது. வாக்காளர் பட்டியலில் உள்ள ஒவ்வொருவரும் அதன் உறுப்பினரே. தறியையோ வயலையோ அரைநாள் விட்டு, நம் அங்கத்தினர்கள் அங்கே சென்று, சங்கத்தில் கேட்பதுபோலவே கணக்கைக் கேட்க வேண்டும். நால்வர் கேட்கத் தொடங்கினால், பதவியில் இருப்பவர் அடுத்த கூட்டத்துக்குக் கணக்கோடு வருவார்.