பழைய போர் விமானத்தைப் பறக்கவிடுவதில் இவ்வளவு ஆபத்து ஏன்?

சுங்கைப்பட்டாணியில் ஒரு காலத்தில் போர் விமானத் தளம் இருந்தது உங்களுக்குத் தெரியுமா? 1941 டிசம்பர் 8, ஜப்பானியர் மலாயாவில் கால்வைத்த அதே நாளில், அந்தத் தளத்தின் மேல் குண்டு விழுந்தது. அங்கே நின்றவை பிரிட்டிஷ் படையின் பிளென்ஹீம், ஆஸ்திரேலியப் படையின் பஃபலோ விமானங்கள். அலோர்ஸ்டாரிலும் பிளென்ஹீம்கள்தான்.

அடுத்த நாள் பட்டர்வொர்த்திலிருந்து ஒரே ஒரு பிளென்ஹீம் மட்டும் தாய்லாந்தின் சிங்கோரா வரை போய்த் தாக்கிவிட்டுத் திரும்பியது. விமானி ஆர்தர் ஸ்கார்ஃப் உடம்பெல்லாம் காயம். அப்படியும் அலோர்ஸ்டார் பக்கத்தில் ஒரு நெல் வயலில் விமானத்தை இறக்கி, கூட வந்த இருவரையும் காப்பாற்றினார். அவர் மருத்துவமனையில் இறந்தார். அவருடைய மனைவி அதே மருத்துவமனையில் தாதி. 1946-ல் அவருக்கு விக்டோரியா கிராஸ் அறிவிக்கப்பட்டது.

சரி, அந்த விமானங்கள் இப்போ எங்கே? பறக்கும் நிலையில் ஒரு பஃபலோகூட இல்லை. பிளென்ஹீம் உலகத்திலேயே ஒன்றே ஒன்று, இங்கிலாந்தின் டக்ஸ்ஃபோர்டில் இருக்கிறது. அந்த ஒன்றின் கதையைப் பார்த்தாலே நம்ம கேள்விக்குப் பாதி பதில் கிடைத்துவிடும்.

தன்னார்வலர்கள் சுமார் 12 வருஷம் உழைத்து ஒரு பிளென்ஹீமைச் சரிசெய்தார்கள். 1987 மே மாதம் அது பறந்தது. அடுத்த மாதமே, டென்ஹம் என்ற இடத்தில் நடந்த விமானக் காட்சியில், தரையைத் தொட்டு மறுபடி எழும்பப் பார்த்தபோது இன்ஜின் ஈடுகொடுக்காமல் விழுந்து நொறுங்கியது. உள்ளே இருந்தவர்கள் பிழைத்தார்கள், 12 வருஷ வேலை போனது. மறுபடி முதலிலிருந்து தொடங்கி இன்னொன்றைக் கட்டினார்கள். 1993-ல் பறந்த அதுவும் 2003-ல் தரையிறங்கும்போது விபத்துக்குள்ளாகி, திரும்ப வானம் ஏறியது 2014-ல்தான். அதில் இப்போது இருக்கிற மூக்குப் பகுதி, போருக்குப் பிறகு ஒருவர் மின்சாரக் காராக மாற்றி ஓட்டிக்கொண்டிருந்தது! பழைய விமானத்துக்கு உதிரிப் பாகம் எங்கிருந்து வருகிறது என்று இனி யாராவது கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

இரும்பும் களைத்துப்போகும்

பால்மரத்தில் கோப்பையைத் தாங்கும் கம்பியை முன்னும் பின்னும் வளைத்துப் பார்த்திருக்கிறீர்களா? முதல் பத்து தடவை ஒன்றும் ஆகாது. அப்புறம் திடீரென்று 'டக்'. இறக்கைக்கும் இதே கதிதான். ஒவ்வொரு முறை எழும்பும்போதும், ஒவ்வொரு கூர்மையான திருப்பத்திலும் இறக்கை கொஞ்சம் வளைந்து நிமிர்கிறது. கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு ஒன்று உள்ளே மெதுவாக வளரும். 2002-ல் அமெரிக்காவில் காட்டுத்தீ அணைக்கப் போன ஒரு பழைய இராணுவ சி-130, இறக்கைகள் பிய்ந்து விழுந்தது. 1950-களில் செய்த விமானம் அது. மூவரும் இறந்தார்கள்.

சில சமயம் பிரச்சினை ஒரு நட்டு அளவுக்குச் சின்னது. 2011 செப்டம்பரில் அமெரிக்காவின் ரெனோ நகர விமானப் பந்தயத்தில், இரண்டாம் உலகப் போர்க்கால முஸ்டாங் ஒன்று பார்வையாளர் பகுதிக்குள்ளேயே விழுந்தது. விமானியையும் சேர்த்து 11 பேர் பலி. வால் பகுதியில் இருந்த சின்னத் தகடு ஒன்றைப் பிடித்திருக்க வேண்டிய நட்டுகள் பழசாகி இளகியிருந்ததை விசாரணை கண்டுபிடித்தது. ஒரு தடவைக்கு மேல் பயன்படுத்தக் கூடாத நட்டுகள், திரும்பப் போடப்பட்டிருந்தன.

ஆனா, விமானம் நல்லா இருந்தாலும்?

இதுதான் பலர் கவனிக்காத விஷயம். 2015 ஆகஸ்ட் 22, இங்கிலாந்தின் ஷோர்ஹம். 1950-களைச் சேர்ந்த ஹண்டர் ஜெட் ஒன்று வானில் முழு வட்டம் அடித்தது. அப்படி வட்டம் அடிக்க, உச்சியில் குறைந்தது 3,500 அடி உயரம் வேண்டும். அன்று இருந்தது சுமார் 2,700 அடிதான். கீழே இறங்கி நிமிர அந்த 800 அடி போதவில்லை. விமானி வேறொரு ரக விமானத்துக்கான உயரத்தை நினைவில் வைத்து ஓட்டியிருக்கலாம் என்றும் விசாரணை அறிக்கை சொன்னது. வார இறுதியில் ஒன்று, அடுத்த வாரம் இன்னொன்று என்று பல ரகங்களை ஓட்டுகிறவர்களுக்கு இது நடக்கக்கூடிய தவறு. இராணுவத்தில் இருந்தபோது ஒரே ரகத்தை நாள்தோறும் ஓட்டியிருப்பார்கள். காட்சி விமானி வருஷத்துக்குச் சில மணி நேரம்தான் ஓட்டுவார்.

ஷோர்ஹமில் இறந்த 11 பேரில் யாரும் காட்சித் திடலுக்குள் இல்லை. எல்லாரும் வெளியே நெடுஞ்சாலையில் இருந்தவர்கள். காரில் போய்க்கொண்டிருந்தவர்களும் அதில் உண்டு. விமானி பிழைத்துக்கொண்டார். அந்த ஹண்டரின் அவசர இருக்கையை வெளியே தள்ளும் வெடிமருந்துக் குப்பிகளுக்குக் காலாவதி தேதி முடிந்திருந்தது என்பதும் பிறகு தெரிந்தது. மீட்க ஓடிவருகிறவர்களுக்கு அதுவே ஓர் ஆபத்து.

2022 நவம்பரில் டல்லஸில் பி-17 குண்டுவீச்சு விமானமும் பி-63 போர் விமானமும் நடுவானில் மோதி 6 பேர் இறந்தார்கள். அங்கேயும் இயந்திரக் கோளாறு இல்லை. யார் எந்த உயரத்தில் பறப்பது என்று முன்கூட்டியே சரியாகப் பிரிக்கவில்லை. ஒருத்தரை ஒருத்தர் பார்த்து விலகிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். விமானத்தின் பாகங்களே பார்வையை மறைத்தால் எதைப் பார்ப்பது?

பீடோங் ஹார்வர்ட் தோட்டத்துக்காரர்கள் கோவிச்சுக்க வேண்டாம்: உங்கள் தோட்டத்தின் பெயரில் ஒரு பழைய பயிற்சி விமானமும் இருக்கிறது. 2023 செப்டம்பரில் அதே ரெனோவில் அந்த ரக விமானங்கள் இரண்டு, பந்தயம் முடிந்து தரையிறங்கும்போது மோதி இரு விமானிகளும் இறந்தார்கள்.

நம்ம லங்காவியில் நடந்தது

2015 மார்ச் 15, லீமா கண்காட்சிக்கு இரண்டு நாள் முன்பு, ஒத்திகை. இந்தோனேசியாவின் ஜூப்பிட்டர் சாகசக் குழு விமானங்கள் இரண்டு லங்காவி வானில் மோதிக்கொண்டன. நான்கு விமானிகளும் அவசர இருக்கையால் வெளியேறிப் பாராசூட்டில் இறங்கினார்கள். விமானம் விழுந்தது குடியிருப்புப் பகுதியில், வீடும் சேதமானது. உயிர்ச்சேதம் இல்லை.

அவை நவீன விமானங்கள் என்பதை மறக்காதீர்கள். பிளென்ஹீமிலோ முஸ்டாங்கிலோ அந்த இருக்கையே கிடையாது. கதவைத் திறந்து குதிக்க வேண்டும், அதற்கு உயரம் வேண்டும். காட்சி நடக்கும் உயரத்தில் அதற்கு நேரமே இருக்காது.

அப்போ பழைய விமானத்தைக் காட்சியகத்திலேயே பூட்டி வைத்துவிடலாமா? நான் அப்படி நினைக்கவில்லை. இன்ஜின் சத்தம் கேட்காத விமானம் பாதி விமானம்தான். ஆனால் ஷோர்ஹமுக்குப் பிறகு பிரிட்டன் எடுத்த முடிவு எனக்கு நியாயமாகப் படுகிறது: பழைய ஜெட்கள் நிலத்துக்கு மேலே குட்டிக்கரணம் அடிக்கக் கூடாது, நேராகப் பறந்து போகலாம்.

1988-ல் ஜெர்மனியின் ராம்ஸ்டைனில் கூட்டத்தை நோக்கிப் பறந்த சாகச விமானம் விழுந்து 70 பேர் இறந்த பிறகு, விமானம் பார்வையாளருக்கு இணையாகத்தான் பறக்கணும், அவர்களை நோக்கி வரக் கூடாது என்ற பழக்கம் பல நாடுகளில் இறுகியது. இது திடலுக்குள் நிற்கிறவர்களுக்குப் பாதுகாப்பு. வேலிக்கு வெளியே இருக்கும் ரோட்டுக்கும் கம்பத்துக்கும் என்ன ஏற்பாடு என்பதை, அடுத்த லீமாவுக்கு டிக்கெட் வாங்கும்போது கேட்டுப் பாருங்கள். நல்ல இடம் கிடைக்கும் என்று ஓடுபாதை முனைக்கு நேராக, மோட்டாரை ஓரமாக நிறுத்திவிட்டுப் பார்க்கிற பழக்கம் உங்களுக்கு இருந்தால், ஷோர்ஹமில் சிலர் நின்றதும் அப்படி ஒரு சாலையோரத்தில்தான்.