வெந்நீர்க் கலனும் வெப்பக் காப்பும்

புனேயிலிருந்து மும்பை செல்லும் பழைய நெடுஞ்சாலையில், முளா ஆற்றுப் பாலத்தைக் கடந்ததும் வரும் ஊர் தாபோடி. அரசுப் போக்குவரத்துக் கழகத்தின் பணிமனையும் புறநகர் ரயில் நிலையமும் உள்ள இப்பகுதி பிம்ப்ரி-சிஞ்ச்வடு மாநகராட்சியைச் சேர்ந்தது. டிசம்பர், ஜனவரி மாதங்களில் இங்கு இரவு வெப்பநிலை சில நாட்களில் 10 டிகிரி செல்சியசுக்கும் கீழே இறங்கிவிடுகிறது. விடியுமுன் வேலைக்குப் புறப்படும் தொழிலாளிக்கு வெந்நீர் ஓர் ஆடம்பரப் பொருள் அன்று, அன்றாடத் தேவை. ஆனால், அதற்குச் செலவாகும் மின்சாரத்தில் ஒரு பகுதி உடலைச் சேராமல் காற்றில் கரைந்துவிடுகிறது என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

முன்பு மராட்டிய இல்லங்களில் 'பம்ப்' என்னும் செப்புக் கலன் இருந்தது. நம் ஊர்ப் பக்கத்து வீடுகளில் 'பாய்லர்' என்று வழங்கியதும் இதே அமைப்புத்தான். நடுக்குழாயில் விறகோ கரியோ எரியும். அதைச் சுற்றி நீர் நிற்கும். அடுப்பும் அண்டாவும் தனித்தனியே இருப்பதைவிட இது மேலான ஏற்பாடு. எனினும் அதன் வெளிச்சுவருக்குக் காப்பு ஏதும் கிடையாது. புளியிட்டுத் துலக்கிய செம்பு வெப்பத்தை மிகக் குறைவாகவே கதிர்வீசும். கறுத்துப்போன செம்போ பல மடங்கு வீசும். எனவே, பாத்திரத்தைப் பளபளப்பாக வைத்திருந்த இல்லத்தரசியர், தாம் அறியாமலே வெப்ப இழப்பை ஏறக்குறைய பாதியாகக் குறைத்து வந்தனர் எனலாம்.

இன்று அவ்விடத்தைப் பிடித்துள்ள மின்கலனை, அதாவது கீசரை, எடுத்துக்கொள்வோம். 25 லிட்டர் நீரை 20 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்கு உயர்த்த 1,000 கிலோகலோரி வேண்டும். ஒரு யூனிட் மின்சாரம் 860 கிலோகலோரிக்குச் சமம். ஆகவே செலவு சுமார் 1.16 யூனிட். இக்கலனின் புறப்பரப்பு ஏறத்தாழ அரைச் சதுர மீட்டர். காப்பே இல்லாத வெறும் உலோகத் தொட்டியாக இருந்து, நாள் முழுவதும் நீர் 60 டிகிரியில் வைக்கப்படுமானால், சுவர் வழியே மட்டும் நான்கரை யூனிட் வீணாகும். நீரைச் சூடாக்கியதைப் போல் நான்கு மடங்கு! அதே தொட்டியைச் சுற்றி 25 மில்லிமீட்டர் கனத்தில் பாலியூரித்தேன் நுரை இருந்தால் இழப்பு அரை யூனிட்டுக்கும் குறைவு. கண்ணாடிக் கம்பளியாக இருந்தால் அரை யூனிட்டுக்குச் சற்று அதிகம். நுரையும் கம்பளியும் தாமே அற்புதம் எதையும் செய்வதில்லை. அவற்றின் நுண்ணறைகளில் அசையாமல் சிறைப்பட்டிருக்கும் வாயுவே வெப்பத்தைத் தடுக்கிறது. கம்பளி நனைந்தால் காற்றின் இடத்தை நீர் பிடித்துக்கொள்ளும், காப்பும் போய்விடும். குளியலறையில் இது கவனிக்க வேண்டிய செய்தி.

அப்படியானால் வாங்கிய கீசருக்கு மேலும் ஒரு போர்வை சுற்றலாமா? நல்ல நுரைக் காப்புள்ள கலனுக்கு மற்றோர் அங்குலக் கம்பளி சுற்றினால், அது இடைவிடாமல் இயங்கும் வீட்டில்கூட மாதத்துக்கு நான்கைந்து யூனிட்டுக்கு மேல் மிச்சமாகாது. உள்காப்பு சரிந்து, வெளி உறை தொட்டால் சுடுகிற பழைய கலனுக்குத்தான் போர்வை உண்மையில் பயன்படும். மற்றவர்களுக்கு ஸ்விட்சை அணைப்பதே முதற் காப்பு. "அணைத்துவிட்டு மறுபடி சூடாக்குவதைவிட, போட்டே வைத்திருப்பது சிக்கனம்" என்று சொல்வோர் உண்டு. இது தவறு. நீர் ஆற ஆற, வெளிக்காற்றுக்கும் அதற்கும் உள்ள வெப்பநிலை வேறுபாடு குறைகிறது, இழப்பும் குறைகிறது. சூடாகவே நிறுத்தி வைக்கும்போது இழப்பு ஒருபோதும் குறைவதில்லை.

சூரிய வெந்நீர்க் கலத்தில் நிலைமை வேறு. புனே வட்டாரத்தில் இக்கலங்கள் பரவலாக உள்ளன. புனே மாநகராட்சி இவற்றுக்குச் சொத்து வரியில் சலுகையும் அளித்து வந்துள்ளது. இங்கே பகலில் சேர்த்த வெப்பம் மறுநாள் காலைதான் பயன்படுகிறது. இடையிலே நீண்ட குளிரிரவு! 100 லிட்டர்த் தொட்டிக்கு 50 மில்லிமீட்டர் நுரைக் காப்பு இருந்தால், இரவு முழுதும் சுவர் வழியே இறங்குவது இரண்டு மூன்று டிகிரியே. ஆனால் மொட்டை மாடியிலிருந்து கீழே வரும் குழாயைப் பெரும்பாலோர் மறந்துவிடுகின்றனர். பத்து மீட்டர் நீளமுள்ள அரை அங்குல இரும்புக் குழாயில் இரண்டு லிட்டர் நீர் நிற்கும். குழாயே பன்னிரண்டு கிலோ எடை. ஒவ்வொரு முறை திறக்கும்போதும் இவ்விரண்டும் சூடாகியாக வேண்டும். குழாய்க்கு நுரை உறையிடுவதும், வெயிலில் அது பொடியாகாமல் மேலே தகடோ நாடாவோ சுற்றுவதும் சிறு செலவுதான். தொட்டி, தகட்டுச் சேகரிப்பானின் மேல்விளிம்புக்குச் சுமார் ஓரடியாவது உயரத்தில் இருத்தல் வேண்டும். இல்லையேல் இரவில் நீர் தலைகீழாக ஓடித் தானே குளிர்ந்துவிடும். எந்தக் காப்பும் அதைத் தடுக்காது.

இது தனி வீட்டின் கணக்கு மட்டுமன்று. ஒரு கீசர் இழுக்கும் 2,000 வாட், பத்து வாட் விளக்குகள் இருநூற்றுக்கு ஈடு. எல்லா வீடுகளும் ஒரே காலைப் பொழுதில் அதைக் கேட்கின்றன. மின்வெட்டைத் தவிர்க்க ஆலைகளின் சொந்த ஜெனரேட்டர்களை நாடும் ஏற்பாடு 2006-இல் புனேயில் செய்யப்பட்டதை நினைவுகூரலாம். 2001-ஆம் ஆண்டின் எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தின்கீழ் அமைந்த எரிசக்தித் திறன் செயலகம், கீசர்களுக்கு நட்சத்திரக் குறி வழங்குகிறது. அக்குறி, கலன் சும்மா நிற்கும்போது 24 மணி நேரத்தில் இழக்கும் மின்சாரத்தை அடிப்படையாகக் கொண்டது. அதாவது, வாங்குபவர் பார்ப்பது உள்ளே மறைந்திருக்கும் காப்பின் தரத்தையே.

வீட்டில் போர்வை சுற்றுவோர் மின் இணைப்பு மூடி, வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி, பாதுகாப்பு வால்வு ஆகியவற்றை மூடாமல் விடவேண்டும். எரிவாயுக் கீசருக்கு எந்தப் போர்வையும் கூடாது. அதற்குக் காற்று வேண்டும். அது பொருத்தப்பட்ட குளியலறையின் சாளரத்தைக் குளிருக்கு அஞ்சி அடைத்தால், கார்பன் மோனாக்சைடு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகும்.