ஓட்டிப் பார்த்து வாங்குதல்

கொழும்பிலே ஜீப் வாங்க விரும்பும் ஒருவர் அதனை எங்கே ஓட்டிப் பார்க்கிறார்? பெரும்பாலும் காலி வீதியிலேதான். வெள்ளவத்தையிற் புறப்பட்டுத் தெஹிவளை, கல்கிசை கடந்து, இரத்மலானை வரை சென்று திரும்புவார். இயந்திரம் இரையவில்லை, இருக்கை சுகமாயிருக்கிறது, குளிர்காற்று நன்றாக வருகிறது என்று மனநிறைவு கொள்வார். நேயர்களே, இவ்வீதி கடலோரத்துச் சமதரை. இதிலே நன்றாக ஓடும் தகுதி எந்தச் சாதாரண மோட்டார் காருக்கும் உண்டு. ஜீப்பை ஜீப் ஆக்குகின்ற உறுப்புக்களுள் ஒன்றேனும் இந்தச் சவாரியில் வேலை செய்வதில்லை. ஆதலின், காலி வீதியில் ஓட்டிப் பார்த்து ஜீப் வாங்குதல், நீந்தத் தெரியுமா என்று ஒருவனைக் கரையிலே நடக்கவிட்டுப் பார்ப்பது போன்றதாகும்.

இது சிறிய விடயமன்று. 2020 மார்ச் மாதத்தில் நம் நாட்டில் மோட்டார் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரி வரை அத்தடை நீடித்தது. அந்த ஐந்தாண்டுக் காலத்திலே பழைய ஜீப்புக்களின் விலை சாமானியர் எட்டாத உயரத்துக்கு ஏறியது. புதியனவற்றுக்கோ வரி பெரிது. ஆகவே ஒரு குடும்பத்தின் பல்லாண்டுச் சேமிப்பு இந்த ஒரு கொள்வனவிலே அடங்கிவிடுகிறது. அதனினும் பெரிது உயிர். மலையகத் தோட்டப் பாதைகளிலும் வன்னியின் மாரிகாலச் சேற்றிலும் இவ்வண்டிகள் ஏற்றிச் செல்வது மூட்டைகளை மட்டுமன்று. ஆசிரியர்களையும் பிள்ளைகளையும் நோயாளிகளையுந்தான்.

வள்ளுவர் பொருட்பாலிலே வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என மூன்று அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். இடனறிதலிலே தேரையும் நாவாயையும் எடுத்துக் காட்டி, ஒன்றற்கு உரிய இடம் மற்றொன்றற்கு ஆகாதென விளக்கினார். ஜீப் வாங்குவோரும் இந்த மூன்றையுமே ஆராய்தல் வேண்டும். வண்டி செல்லப்போகும் இடம் யாது? அங்கே அதற்கு வேண்டிய வலி யாது? எந்தக் காலத்தில், எவ்வளவு பாரத்துடன் அது செல்லும்?

முதலில் வண்டியின் நீளத்தைப் பார்ப்போம். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடைப்பட்ட தூரமே இங்கே முக்கியமானது. 1948 இல் வெளிவந்த முதலாவது லாண்ட் ரோவரில் அது 80 அங்குலம். பின்னர் 1980களில் வந்த 90, 110 என்னும் வகைகள் அத்தூரத்தை ஒட்டியே பெயர் பெற்றன. குட்டையான வண்டி மேட்டின் உச்சியைக் கடக்கும்போது அதன் வயிறு நிலத்திலே தட்டுவது குறைவு. கூரிய வளைவிலும் எளிதிலே திரும்பும். நீண்ட வண்டியிலோ ஆட்களும் பொருள்களும் அதிகம் கொள்ளும். இறக்கத்திலும் அது ஆட்டமின்றிச் செல்லும். சுசுக்கி ஜிம்னியை உதாரணமாகக் கொள்வோம். அதன் மூன்று கதவு வகையில் அச்சுத் தூரம் 2250 மில்லிமீற்றர். இந்தியாவில் 2023 இல் விற்பனைக்கு வந்த ஐந்து கதவு வகையில் அது 2590 மில்லிமீற்றர். தரையிலிருந்து வயிற்றின் உயரம் இரண்டுக்கும் 210 மில்லிமீற்றரே. ஆயினும் வயிறு தட்டாமற் கடக்கக்கூடிய மேட்டின் கோணம் முன்னதில் 28 பாகையாகவும் பின்னதில் 24 பாகையாகவும் இருக்கிறது. திரும்பும் வட்டத்தின் ஆரையோ 4.9 மீற்றரிலிருந்து 5.7 மீற்றராகக் கூடுகிறது. கண்டியிலிருந்து மகியங்கனைக்கு இறங்கும் பதினெட்டு வளைவு போன்ற பாதைகளிலே இந்த வேற்றுமை சாரதியின் கைக்கு உடனே தெரியும். நேரான காலி வீதியிலே தெரியாது.

இரண்டாவது, நாற்சக்கர இயக்கம். இது இரு வகைப்படும். ஒருவகை வண்டியில் சாரதி வேண்டும்போது மட்டும் முன் சக்கரங்களுக்கும் விசை செல்லும். மற்றொரு வகையில் நான்கு சக்கரங்களுக்கும் எப்போதும் விசை செல்லும். வளைவிலே திரும்பும்போது முன் சக்கரங்கள் நீண்ட வழியிலும் பின் சக்கரங்கள் குறுகிய வழியிலும் செல்கின்றன. நிலையான நாற்சக்கர இயக்கத்திலே இந்த வேற்றுமையை நடுவிலுள்ள ஒரு பற்சக்கர அமைப்பு சமன் செய்கிறது. முதல்வகை வண்டியில் அஃது இல்லை. அதனால் உலர்ந்த தார் வீதியில் அவ்வகை வண்டியை நாற்சக்கர இயக்கத்தில் வைத்துத் திருப்பினால் பற்சக்கரங்கள் ஒன்றையொன்று இறுக்கும், நாளடைவிலே தேயும். ஆதலால் இதனைச் சேற்றிலோ, சரளையிலோ, ஈரப் புல்தரையிலோதான் சோதித்தல் வேண்டும்.

மூன்றாவது, தாழ்நிலைக் கியர். பல ஜீப்புக்களிலே சாதாரண கியர்த்தண்டுக்குப் பக்கத்தில் ஒரு சிறிய தண்டு இருப்பதைக் கண்டிருப்பீர்கள். அதனைத் தாழ்நிலையில் இட்டால் சக்கரத்தின் வேகம் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்து, இழுக்கும் வலி ஏறத்தாழ இருமடங்காகும். பலரும் இதனை ஏற்றத்துக்கு உரியதென்றே எண்ணுகின்றனர். இறக்கத்திலேதான் இதன் அருமை தெரியும். நீண்ட இறக்கத்தில் பிரேக்கை இடைவிடாது அழுத்தினால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். தாழ்நிலை முதலாவது கியரில் வண்டியை இயந்திரமே தடுத்து நிறுத்தி மெல்ல இறக்கிவிடும். எனவே சோதனையின்போது செங்குத்தான ஓர் இறக்கத்திலே, கிளச்சை மிதியாமல், பிரேக்கின்மீது காலைத் தயாராக வைத்துக்கொண்டு, வண்டி தன்னைத் தானே தாங்குகிறதா என்று பார்த்தல் வேண்டும். கையாற் கியர் மாற்றும் வண்டியையும் தானாகவே கியர் மாறும் வண்டியையும் ஒரே இறக்கத்தில் விட்டு ஒப்பிடுக. ஏற்றத்தில் பின்னது எளிது. இறக்கத்தில் பிடித்து நிறுத்துவதில் முன்னது வலிது என்பதைப் பல வண்டிகளிற் காணலாம்.

இச்சோதனைக்குக் கொழும்பிலிருப்போர் எங்கே செல்வது? அவிசாவளைக்கு அப்பாலுள்ள இறப்பர்த் தோட்டங்களிலே உரிமையாளரின் அனுமதியுடன் ஏற்றமும் இறக்கமும் சேறும் கொண்ட பாதைகளைப் பெறலாம். உற்பத்தியாளர்களே இவ்வாறுதான் செய்கின்றனர். இங்கிலாந்திலுள்ள ஈஸ்ட்னர் கோட்டையின் சேற்று நிலங்களிலே 1960களிலிருந்து லாண்ட் ரோவர் வண்டிகள் சோதிக்கப்பட்டு வந்திருக்கின்றன. விற்பவர் அவ்வளவு தூரம் வண்டியைத் தர மறுப்பாராயின், அந்த மறுப்பையும் ஒரு செய்தியாகக் குறித்துக்கொள்ளுதல் நன்று.

ஒப்பிடும் முறையிலும் ஒழுங்கு வேண்டும். இரண்டு வண்டிகளையும் ஒரே பாதையில், ஒரே பாரத்துடன், ஒரே சாரதி ஓட்டல் வேண்டும். ஒன்றிலே சேற்றுக்குரிய டயரும் மற்றதிலே வீதிக்குரிய டயரும் இருந்தால், நீங்கள் ஒப்பிடுவது டயரையேயன்றி வண்டியையன்று. தனியே ஓட்டிப் பார்த்து முடிவு செய்தலும் ஆகாது. ஏற்றத்திலே பின்பாரம் கூடினால் முன் சக்கரங்களின் பிடிப்புக் குறையும். ஆகவே வழக்கமாக ஏறுவோரின் நிறையளவு பாரத்தை ஏற்றுக. பின்னர் ஓட்டுவதை மற்றொருவரிடம் விட்டு, பின்னிருக்கையிலே நீங்களே ஒரு மணி நேரம் இருந்து பாருங்கள். பிள்ளைகள் அங்கேதான் இருக்கப்போகிறார்கள்.

பழைய வண்டியானால் இன்னும் இரண்டு கவனங்கள் வேண்டும். போருக்குப் பிந்திய இங்கிலாந்தில் உருக்குக்குத் தட்டுப்பாடு இருந்தமையால் லாண்ட் ரோவரின் மேலுடலை அலுமினியக் கலப்புலோகத்தாற் செய்தனர். அடியிலுள்ள செசியோ உருக்கு. இரத்மலானை போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்று பட்ட வண்டி மேலே பளபளப்பாகவும் அடியிலே துருப்பிடித்தும் இருக்கக்கூடும். ஆதலின் அடியிலே புகுந்து சுத்தியலால் மெல்லத் தட்டிப் பார்க்கும் மெக்கானிக் ஒருவரை அழைத்துச் செல்க. இரண்டாவது, இத்தகைய வண்டிகள் பலவற்றில் பழைய இயந்திரத்தை நீக்கி வேறொன்றைப் பொருத்தியிருப்பார்கள். இயந்திர இலக்கமும் செசி இலக்கமும் பதிவுப் புத்தகத்தோடு ஒத்திருக்கின்றனவா என்று பணம் கொடுக்குமுன் பார்த்துக்கொள்ளுங்கள்.

இவ்வளவையும் செய்ய இரண்டு நாள் செல்லலாம். சிறிது எரிபொருட் செலவும் நேரலாம். அந்தச் செலவைக் கண்டு தயங்கவேண்டியதில்லை. இவ்வாறு சோதித்தபின், பெரிய ஜீப் உங்களுக்கு வேண்டியதில்லை, தரை உயர்ந்த சாதாரண வண்டியே போதும் என்ற முடிவுக்கு வந்தாலும் அது நல்ல முடிவே. வாங்கும் வண்டி எதுவாயினும், அது ஏறப்போகும் மலையை ஒரு முறையாவது ஏறி இறங்கிய பின்னரே பணப்பையைத் திறவுங்கள்.